ஸ்க்ரம் மாஸ்டர் கோர்ஸுக்கு 48,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: சேர்வதற்கு முன் படியுங்கள்

குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி ஐ.டி.க்குள் நுழையப் பார்க்கும் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். என்னைச் சேர்த்த பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அப்படிப்பட்டவர்கள். நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படி ஆள் சேர்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஆறு வருடம் மேனுவல் டெஸ்டிங் செய்தவள். மகன் பிறந்தபின் நான்கு வருடம் வீட்டில் இருந்தேன். திரும்ப வேலை தேடும்போது பார்த்த விளம்பரம் எல்லாவற்றிலும் அஜைல், ஸ்பிரிண்ட் பிளானிங் என்று இருந்தது. மென்பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகச் செய்து முடிப்பதுதான் அஜைல். அதில் ஒரு வகை ஸ்க்ரம், அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்பிரிண்ட், டீம் அந்த முறைப்படி நடக்க உதவுகிறவர் ஸ்க்ரம் மாஸ்டர். என் பழைய கம்பெனியில் அந்த முறை கிடையாது. சரி, முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று ஓ.எம்.ஆரில் ஒரு ஸ்க்ரம் மாஸ்டர் கோர்ஸின் டெமோ கிளாஸுக்குப் போனேன்.

டெமோ நன்றாகவே இருந்தது. முடிந்ததும் கவுன்சிலர் தனியறைக்குக் கூட்டிப்போனார். "மேடம், 75,000 ரூபா கோர்ஸ். இன்னைக்கே சேர்ந்தா 48,000. இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட், பிளேஸ்மெண்ட் எல்லாம் இதுலயே அடக்கம்." கையில் பணம் இல்லை என்றேன். "இ.எம்.ஐ. போட்டுக்கலாம் மேடம், வட்டியே கிடையாது" என்று என் ஆதார், பான் அட்டையைப் படம் எடுத்து, போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்தே நிமிடம்தான். மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதம்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நிலையத்துக்கு நான் தவணையில் கட்டுவதாக நினைத்தேன். அது ஒரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் எடுத்த கடன். முழுத் தொகையும் நிலையத்தின் கணக்குக்குப் போய்விட்டது. கிளாஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தவணை என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும். நிறுத்தினால் பவுன்ஸ் கட்டணம், அப்புறம் சிபில் மதிப்பெண்ணிலும் அடி. இப்படிச் செயலி வழியாகத் தரும் கடனிலிருந்து ஆரம்ப நாட்களிலேயே அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் வழி வைத்திருக்கின்றன. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது அந்த நாட்கள் எப்போதோ கடந்திருந்தன.

ஆறு வாரம் சனி, ஞாயிறு நேரடி வகுப்பு என்றார்கள். மூன்றாம் வாரத்தோடு பயிற்றுநர் காணாமல் போனார். பதிவு செய்த வீடியோக்களின் லிங்க் மட்டும் வந்தது. பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்த மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று சொல்லப் போடும் எண்தான் ஸ்டோரி பாயிண்ட். ஒரு பாயிண்ட் என்றால் எட்டு மணி நேரம் என்று எழுதிப் போட்டார்கள். ஒரு எக்செல் கோப்பு கொடுத்தார்கள். ஆட்களின் எண்ணிக்கை, வேலை நாள், எட்டு மணி நேரம், எல்லாவற்றையும் பெருக்கி எட்டால் வகுத்தால் ஸ்பிரிண்டுக்கான பாயிண்ட் வந்துவிடும். யாருக்கு எந்த வேலை, அதற்கு எத்தனை பாயிண்ட் என்பதை ஸ்க்ரம் மாஸ்டர் நிரப்பி டீமுக்கு அனுப்ப வேண்டுமாம். வீட்டுப்பாடமாக அப்படி நான்கு கோப்புகளை நிரப்பினேன். அதுதான் திட்டமிடல் என்று மனதார நம்பினேன்.

ஒரு நேர்காணலில் அது உடைந்தது. நேர்காணல் எடுத்தவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஐந்து பேர் இருக்கும் டீம். கடைசி மூன்று ஸ்பிரிண்டில் 28, 31, 25 பாயிண்ட் முடித்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு வார ஸ்பிரிண்டில் ஒருவர் முழுக்க லீவு. எவ்வளவு எடுக்கலாம்?" நான் எக்செல் கணக்கைச் சொன்னேன். நாலு பேர், பத்து நாள், எட்டு மணி நேரம், 320 மணி, ஆக 40 பாயிண்ட். அவர் கோபப்படவில்லை. "ஐந்து பேர் இருந்தபோதே சராசரி 28தாம்மா. நாலு பேர் எப்படி 40 முடிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு என் பழைய டீம் லீடுக்கு போன் செய்தேன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் புரியவைத்தார். பாயிண்ட் என்பது மணிக்கணக்கு அல்ல, ஒரு வேலையை இன்னொரு வேலையோடு வைத்துப் பார்த்துச் சொல்லும் அளவு. வேலையைச் செய்யப்போகிறவர்கள்தான் அந்த அளவைச் சொல்ல வேண்டும். 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் அறிமுகப்படுத்திய பிளானிங் போக்கர் முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எண் எழுதிய சீட்டைத் திருப்பிக் காட்டுவது இதற்காகத்தான். மூத்தவர் சொன்ன எண்ணைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்ளக் கூடாது.

"பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று ஒரு பக்கம் கட்டணும், நீ டெஸ்டர், எத்தனை போடுவே?" என்றார். அவர் 3 காட்டினார், நான் 8. ஏன் என்று கேட்டார். ஓ.டி.பி. காலாவதியானால் என்ன ஆகும், பழைய பயனர்கள் மொபைல் எண்ணே கொடுத்திருக்க மாட்டார்களே, மின்னஞ்சல் வழியையும் சோதிக்க வேண்டுமே என்று அடுக்கினேன். "பார்த்தியாம்மா, 3க்கும் 8க்கும் நடுவுல இருக்கிற இந்தப் பேச்சுதான் பிளானிங்" என்றார். ஆறு வருட டெஸ்டிங் அனுபவம் வீணில்லை என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது. 48,000 ரூபாய் வகுப்பில் ஒருமுறைகூட என் அனுபவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த நேர்காணல் கேள்விக்கும் வழி சொன்னார். சராசரி 28, ஐந்தில் ஒருவர் இல்லை, ஆக 22க்குப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம். அப்புறம் ஸ்பிரிண்டின் குறிக்கோளை வைத்து டீமே முடிவு செய்யட்டும்.

பிறகு நானே ஸ்க்ரம் கைடைப் படித்தேன். ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் அதன் விதிகளை எழுதிய கையேடு, இணையத்தில் இலவசம், 2020 நவம்பர் பதிப்பு சுமார் 13 பக்கம்தான். ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே அதில் இல்லை. அளவு சொல்வது வேலையைச் செய்யும் டெவலப்பர்களின் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. ஸ்பிரிண்ட் பிளானிங்கில் ஏன், என்ன, எப்படி என்று மூன்று கேள்விகள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் "ஏன்" இல்லவே இல்லை. டெவலப்மெண்ட் டீமில் 3 முதல் 9 பேர் என்று மனப்பாடம் செய்யவைத்தார்களே, அது 2017 பதிப்பில் இருந்தது. இப்போது ஸ்க்ரம் டீம் மொத்தமும் பெரும்பாலும் 10 பேர் அல்லது அதற்குக் குறைவு. தேர்வுக்கு என்று கொடுத்த டம்ப்ஸில், அதாவது கேள்வி-பதில் தொகுப்பில், முக்கால்வாசி இந்தப் பழைய பதில்கள்தான்.

சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் கைக்கு வந்தது நிலையமே அச்சடித்த ஒரு தாள். "இன்டர்நேஷனல்" என்று அவர்கள் சொன்னதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு பூமி உருண்டைப் படம். அதை எந்த மனிதவள அதிகாரியும் கண்டுகொள்ளவில்லை.

உண்மையில் வேலைச் சந்தையில் அதிகம் கேட்கும் தொடக்கநிலைச் சான்றிதழ்கள் இரண்டு. ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் சி.எஸ்.எம்.முக்கு (சர்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர்) அவர்கள் அங்கீகரித்த பயிற்றுநரிடம் படித்தே ஆக வேண்டும். அந்தப் பயிற்றுநரின் பெயர் அவர்கள் தளத்தில் இருக்கும், பணம் கட்டும் முன் தேடிப் பார்த்துவிடுங்கள். எங்கள் பயிற்றுநரின் பெயர் அங்கே இல்லை. இரண்டு நிமிட வேலை, நான் செய்யவில்லை. மற்றொன்று ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் பி.எஸ்.எம். 1 (ப்ரொஃபெஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்). அதற்கு வகுப்பே கட்டாயம் இல்லை. 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பயிற்சிக்கு அவர்கள் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

பிளேஸ்மெண்ட் என்றார்களே, அது என்ன தெரியுமா? எனக்கு ஒரு ரெஸ்யூம் தயாரித்து அனுப்பினார்கள். நான் வீட்டில் இருந்த நான்கு வருடத்தையும் "ஸ்க்ரம் மாஸ்டர்" என்று ஒரு கம்பெனிப் பெயரோடு நிரப்பியிருந்தார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் என் பெயர்தான் கெடும். நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். "பயிற்சிக் கையேடு மற்றும் மென்திறன் பயிற்சிக்கான கட்டணம்" என்று இருந்தது. சான்றிதழ் என்ற சொல்லே இல்லை. ஆனால் கவுன்சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் என்னிடம் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். பத்தாயிரம் தருகிறோம், இனிப் புகார் இல்லை என்று எழுதிக்கொடுங்கள் என்று நிலையத்திலிருந்து பேசினார்கள். மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஏழு தவணை கட்டியாகிவிட்டது, ஐந்து பாக்கி. கடன் என் பெயரில் இருப்பதால் அதைக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துகிறேன். நான் 1915இல் புகார் கொடுத்த மறுநாளே எங்கள் பேட்சின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எல்லோரையும் நீக்கிவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே உரையாடலை எடுத்து வைத்திருந்தேன். குழுவில் இருந்த 22 பேரில் நான்கு பேர் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே பேட்சில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் கடன் ஒப்பந்தத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரையாடலின் பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.