ஜெம் கிளிப்பா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா: பழைய கேம்ரியின் கியர்பாக்ஸ் பிழையை எதைக் கொண்டு பிடிப்பது?

என்னிடம் இருந்தது 1993 மாடல் டொயோட்டா கேம்ரி, ஆட்டோமேட்டிக். ஒருநாளிலிருந்து சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் பாரம் ஏற்றிய மாட்டுவண்டிபோல் திணறத் தொடங்கியது. வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது. டாஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு (ஓவர்டிரைவ் என்னும் உச்ச கியர் அணைக்கப்பட்டதைக் காட்டுவது) மட்டும் விட்டுவிட்டு மின்னியது. ஒர்க்‌ஷாப்பில் விலை உயர்ந்த ஸ்கேனரோடு வந்தவர் ஸ்டியரிங்கின் அடியில் குனிந்து செருகுமிடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. "கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்றார். அதற்கு அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தினேன்.

அவருக்குச் செருகுமிடம் கிடைக்காததில் வியப்பில்லை. காரின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் பேச உதவும் ஓபிடி-2 என்னும் 16 முனை இணைப்பு அமெரிக்காவில் விற்கும் கார்களுக்குக் கட்டாயமானது 1996 மாடலிலிருந்துதான். அதற்கு முந்தைய டொயோட்டாக்களில் பெரும்பாலானவை தங்கள் நோயை விளக்கை மின்னிச் சொல்லும். பானெட்டைத் திறந்தால் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு முனையின் பெயரும் அச்சாகியிருக்கும். சாவி 'ஆன்' நிலையில், எஞ்சின் ஓடாமல், ஓவர்டிரைவ் பொத்தானும் ஆனில் இருக்க, டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் கம்பியால் இணைக்க வேண்டும். பிழை எதுவும் இல்லையென்றால் 'ஓ/டி ஆஃப்' விளக்கு வினாடிக்கு இரண்டு முறை ஒரே சீராக மின்னும். என் காரில் ஆறு முறை மின்னியது, ஒன்றரை வினாடி நின்றது, பிறகு இரண்டு முறை. 62.

62 என்றால் முதல் ஷிஃப்ட் சொலினாய்டின், அதாவது கியரை மாற்றும் மின்காந்த வால்வின், மின்சுற்று. 63 இரண்டாவது, 64 லாக்-அப் சொலினாய்டு (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது). 42, 61 இரண்டும் வேக சென்சார்கள். இவற்றில் 64 மட்டும் ஊமை. ஓடும்போது விளக்கை மின்ன வைக்காது, கிளிப்பைச் செருகினால்தான் வெளியே வரும். திணறலுக்கும் காரணம் விளங்கியது: முதல் சொலினாய்டு போனால் கம்ப்யூட்டர் மற்றதை வைத்துச் சமாளித்து, காரை மூன்றாவது கியரிலேயே கிளப்புகிறது.

செலவே இல்லாத இந்த முறையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. அதே பெட்டியில் பேட்டரியின் நேர் முனையும் இருக்கிறது. கம்பி இடம் மாறினால் ஃபியூஸ் போகும். இரண்டாவது, மெக்கானிக் யாராவது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் நினைவில் இருந்த எண்கள் அழிந்திருக்கும். விளக்கு சீராக மின்னுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

பிழை எண்களைப் படித்துப் புளூடூத் வழியாகக் கைப்பேசியில் காட்டும் மலிவு ரீடரை இதோடு ஒப்பிட 1997 கேம்ரி பொருத்தமான கார். நான்கு சிலிண்டர் வண்டியில் அதே ஏ140இ கியர்பாக்ஸ்தான், ஆனால் ஓபிடி-2 உண்டு. விளக்கு மின்னும் மொழியில் 62 ஆக இருந்தது இங்கே இரண்டாகப் பிரிகிறது. பி0753 என்றால் மின்சுற்றுக் கோளாறு. பி0750 என்றால் மின்சாரம் சரியாகப் போயும் வால்வு சொன்னபடி கேட்கவில்லை, கியர் மாறவில்லை. பழைய முறையால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. பிழை பதிவான கணத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்பதும் கூடவே கிடைக்கும். கியர்பாக்ஸுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வைத்த வேறு நிறுவனக் கார்களில் மட்டும் மலிவு ரீடர் பெரும்பாலும் பி0700 என்பதோடு நின்றுவிடும். 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைக் கேள்' என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. அங்கேதான் ஒர்க்‌ஷாப் ஸ்கேனருக்கு வேலை. தனிக் கம்ப்யூட்டரோடு பேசும், சொலினாய்டைத் தானே இயக்கியும் காட்டும். தொண்ணூறுகளின் காருக்கு அதைத் தேடி அலைவது வீண்.

ஆனால் இந்த மூன்றில் எது சொன்ன எண்ணை நம்பியும் நான் பாகம் வாங்க மாட்டேன். 62 ஒரு சுற்றைத்தான் குறிக்கிறது. அந்தச் சுற்றில் சொலினாய்டும் உண்டு, பல அடி வயரும் உண்டு, இடையில் பிளக்குகளும் உண்டு. இவற்றில் குற்றவாளி யார் என்று சொல்வது, மின்தடையை ஓமில் அளந்து காட்டும் மல்டிமீட்டர்தான். என் கணக்கில் முதலிடம் அதற்கே.

கம்ப்யூட்டர் பக்கத்து பிளக்கைக் கழற்றி, சொலினாய்டு வயருக்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வைத்தேன். தொடர்பே இல்லை. 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். இங்கேயே நிறுத்தியிருந்தால் புது சொலினாய்டு வாங்கியிருப்பேன். கியர்பாக்ஸ் மேலுள்ள பிளக்கைக் கழற்றி, சொலினாய்டு பக்கத்து முனையில் வைத்தபோது 13 ஓம். சொலினாய்டு நல்லபடி இருக்கிறது, இடையிலுள்ள வயரில்தான் கோளாறு. (சூடானால் மட்டும் அறுந்துபோகும் சொலினாய்டுகளும் உண்டு. ஓட்டிச் சூடாக்கி இன்னொரு முறையும் அளந்தேன்.)

மீட்டர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: உள்ளே கிளட்சும் வால்வும் எப்படி இருக்கின்றன என்பது. அதற்குச் சொலினாய்டு பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினாலே போதும். மின்சாரம் இல்லாதபோது இந்தக் கியர்பாக்ஸ், கியர் லீவரின் 'எல்' நிலையில் முதல் கியரிலும், '2'இல் மூன்றாவதிலும், 'டி'யில் ஓவர்டிரைவிலும் ஓட வேண்டும். காலியான தெருவில் ஓட்டினேன். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவையே இல்லை.

கியர்பாக்ஸுக்கு மேலேதான் பேட்டரித் தட்டு. அதிலிருந்து ஒழுகிய அமிலம் பிளக்கின் ஒரு முனையைப் பச்சையாக அரித்திருந்தது. வயர் பக்கத்து முனையை மாற்றி, பழைய எண்ணை நினைவிலிருந்து அழிக்க இஎஃப்ஐ என்று பெயரிட்ட ஃபியூஸைப் பத்து வினாடிக்கு மேல் கழற்றி வைத்து மாட்டினேன். சிக்னல்களில் நின்று நின்று ஒரு சுற்று போய்வந்து, கிளிப்பை மறுபடி செருகினேன். விளக்கு வினாடிக்கு இரண்டு முறை, சீராக மின்னிக்கொண்டிருந்தது.