விலாவில் அடி: தைலமா, ஊசியா, ஸ்கேனா?

போன மாசம் பாம்பன் கடற்கரையில் சிலம்பப் பயிற்சி. எங்கள் பையன் ஒருவனுக்குக் கம்பு நுனி இடது விலாவில் குத்திவிட்டது. தோலில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு, அவ்வளவுதான். "ஒண்ணுமில்லண்ணே" என்றான். அரைமணி கழித்து இடது தோள் வலிக்கிறது என்றான். தோளில் அடியே படவில்லை.

இடது பக்கம் 9 முதல் 11 வரையான விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து ரத்தம் கசிந்தால் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உறுத்தும். அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் புறப்படுவதால், வலி தோளில் தெரியும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகப் பாலம் தாண்டி 40 கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கோலி சோடாவே உடைத்துவிட்டார். அறுவை சிகிச்சை என்றால் வயிறு காலியாக இருக்கணுமே என்று தடுத்தேன்.

வாத்தியார் தைலம்: சுளுக்கு, கைகால் வீக்கம் என்றால் நானும் முதலில் அவரிடம்தான் போவேன். விலாவுக்கடியில் தேய்த்தால் நின்ற கசிவு மறுபடி தொடங்கலாம். அவரே "இங்க கை வைக்க மாட்டேன், கூட்டிட்டுப் போ" என்றார்.

வலி ஊசி இதைவிட மோசம். வலி அடங்கியதும் வீட்டில் போய்ப் படுத்துவிடுவோம். டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தம் உறைவதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். சில மண்ணீரல்கள் நாலைந்து நாள் கழித்துத்தான் உடையும்.

உண்மையான போட்டி ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும்தான். அல்ட்ராசவுண்ட் கட்டிலருகிலேயே சில நிமிடத்தில் முடியும்; வயிற்றில் ரத்தம் தேங்கியிருந்தால் சொல்லிவிடும். கசிவு கொஞ்சமாக இருந்தாலோ, உறுப்புக்குள்ளேயே நின்றிருந்தாலோ கோட்டைவிடும். குடல், கணையம் என்றால் இன்னும் சிரமம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. கிழிசலின் ஆழத்தையே காட்டும். 1 (லேசு) முதல் 5 (மிக மோசம்) வரை தரம் பிரிப்பது அதை வைத்துத்தான். கதிர்வீச்சு உண்டு, சரி. ஆனால் ரத்த அழுத்தம் சரிகிற ஆளை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. அங்கே அல்ட்ராசவுண்டில் ரத்தம் தெரிந்தாலே போதும், அடுத்தது அறுவை அரங்கு.

108-இல் போனோம், பைக் குலுக்கல் வேண்டாமென்று. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை. டாக்டர் விடவில்லை. "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். இரண்டு மாதம் முன்பு மலேரியா. எங்கள் தீவுக்கு அது பழைய விருந்தாளி. மண்ணீரலை வீங்க வைக்கும், வீங்கியது லேசான அடிக்கே கிழியும். சி.டி.யில் இரண்டாம் தரக் கிழிசல். கத்தி வைக்கவில்லை, படுக்க வைத்துக் கவனித்தே அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கம்பு தொடக் கூடாது. சுவடு (சிலம்பக் காலடி) மட்டும் வைக்கலாமா என்று நேற்று போனில் கேட்டான். நான் யோசிப்பதற்குள் வாத்தியார் போனைப் பிடுங்கி, "படுடா பேசாம" என்றார்.