அடமான்டேன்: ஷிம்முக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை, சிபிக்கு நம்பாதீர்கள்

புதிதாக 4 மிமீ ப்ரோப் வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "அடமான்டேன் ரோட்டர் ஒன்று இருக்கிறதே, கிளைசீனும் பொட்டாசியம் புரோமைடும் தனித்தனியாக எதற்கு?" மூன்றும் திட என்எம்ஆர் கருவியை (திடப்பொருளின் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் ரேடியோ அலையால் ஆராய்வது) சரிசெய்ய உதவும் மாதிரிகள். அடமான்டேன் ஒரு கார்பன்–ஹைட்ரஜன் சேர்மம், ரோட்டர் என்பது பொடியை அடைத்துச் சுழற்றும் சிறு குழல், ப்ரோப் அதைச் சுழற்றிச் சிக்னலைப் பிடிக்கும் பகுதி. இந்தக் கருவி வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அடமான்டேனைப் பல வருடம் பயன்படுத்தியவர்களுக்கு அதன் மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு எரிச்சலும் இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அது படிகமாக இருந்துகொண்டே உள்ளுக்குள் உருண்டுகொண்டிருக்கிறது.

மூலக்கூறு கிட்டத்தட்ட உருண்டை. அறை வெப்பநிலையில் ஒவ்வொன்றும் முகமைய கனசதுர அணியில் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் திசையை மட்டும் விநாடிக்கு ஆயிரம் கோடி முறைக்கும் மேல் மாற்றிக்கொள்ளும். கற்பூரமும் இதே குலம்தான், வாசனையிலேயே அந்த உறவு தெரியும். இப்படி உருள்வதால் மூலக்கூறுக்குள் இருக்கும் கார்பன்–புரோட்டான் இருமுனைப் பிணைப்பு (வேதிப்பிணைப்பு அல்ல, அணுக்கருக்களுக்கு இடையிலான காந்த இடைவினை) சராசரியில் பூஜ்யமாகிவிடுகிறது. கார்பனின் வேதிப்பெயர்ச்சி (சிக்னல் அதிர்வெண்ணின் சிறு விலகல்) மூலக்கூறின் திசையைப் பொறுத்து மாறுவதும் அப்படியே மறைகிறது. இடம்விட்டு இடம் நகர்வது அரிது என்பதால் அண்டை மூலக்கூறுகளுடனான பலவீனமான பிணைப்பு மட்டும் மிஞ்சும். கிராஸ் போலரைசேஷன் (சிபி: புரோட்டானின் காந்தமுனைப்பைக் கார்பனுக்கு மாற்றிச் சிக்னலைப் பெருக்குவது) இதில் வேலை செய்வதே அந்த மிச்சத்தால்தான்.

ஷிம் செய்ய, அதாவது காந்தப்புலத்தை மாதிரி முழுக்கச் சீராக்க, உட்கார்ந்தால் இதைவிட நல்ல துணை கிடையாது. இரண்டே கோடுகள்: உயரமான, இடப்பக்கக் கோடு மெத்திலீன் (CH₂), மற்றது மெத்தைன் (CH). மேஜிக் ஆங்கிள் (காந்தப்புலத்துக்கு ரோட்டர் சாய்ந்து சுழலும் கோணம்) சற்றே பிசகியிருந்தாலும் கோடு பெரிதாக அகலாது. அதனால் அகலம் தெரிந்தால் குற்றவாளி ஷிம்தான் என்று நிம்மதியாகச் சொல்லலாம். ரோட்டரை முழுக்க நிரப்பாமல், இரண்டு பக்கமும் ஸ்பேசர் வைத்து நடு மூன்றில் ஒரு பங்கில் மட்டும் பொடியை அழுத்தி அடைத்தால் கோட்டின் அடிவால் சுருங்கும். பாதி உயரத்தில் 2–3 ஹெர்ட்ஸ் வந்தால் போதும், அதற்கு மேல் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். புரோட்டான் தளர்வும் (தூண்டிய பின் பழைய நிலைக்குத் திரும்புவது) வேகமானது. விறைத்த கரிமப் படிகங்கள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும், இங்கே 5 விநாடி இடைவெளி போதும்.

ப்ரோப் அடிபடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2 ஹெர்ட்ஸ் கோட்டைப் பிரித்துப் பார்க்க அரை விநாடி பதிவு வேண்டும். கிளைசீனுக்குப் போட்ட 80 கிலோஹெர்ட்ஸ் டீகப்ளிங்கை (புரோட்டான்களின் தாக்கத்தை நீக்கும் ரேடியோ அலை) மாற்ற மறந்து அரை விநாடி ஓட்டினால் சுருளுக்குள் பொறி பறக்கும், கெப்பாசிட்டர் போகும். அத்தனை சக்தி அடமான்டேனுக்குத் தேவையும் இல்லை. 15–20 கிலோஹெர்ட்ஸ் தாராளம். அது ரோட்டரின் சுழல் வேகத்துக்குச் சமமாகவோ அதன் இரு மடங்காகவோ விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் கோடு அகலும்.

உண்மையான தலைவலி சிபி. அடமான்டேனில் மேட்ச் செய்துவிட்டு (புரோட்டான், கார்பன் இரண்டின் ரேடியோ சக்தியையும் பொருத்திவிட்டு), அதே எண்களை புரதத்துக்கோ மருந்துப் பொடிக்கோ கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சப் பிணைப்பு அவ்வளவு பலவீனம் என்பதால் தொடர்பு நேரம் (அந்த மாற்றம் நடக்க விடும் நேரம்) 5–10 மில்லிவிநாடி கேட்கும். கிளைசீனுக்கு 1–2 போதும். அடமான்டேனின் எண்ணை அப்படியே வைத்தால், தளர்வு வேகமான மாதிரிகளில் சிக்னல் போலரைசேஷன் கட்டத்திலேயே கரைந்துபோகும். அதோடு 10 கிலோஹெர்ட்ஸில் சுற்றும்போது ஹார்ட்மன்–ஹான் மேட்ச் (மேலே சொன்ன அதே பொருத்தம்) ஒரே மேடாக இருக்காது, சுழல் வேக இடைவெளியில் ஊசி ஊசியாகப் பிளக்கும். நடுவில் பள்ளம், சிகரம் பக்கத்தில். சக்தி அரை டெசிபல் நகர்ந்தாலும் சிக்னல் காணாமல் போகும், ப்ரோப் கெட்டுவிட்டதோ என்று தேடத் தோன்றும். ராம்ப் (சக்தியைச் சீராக ஏற்றி இறக்குவது) போட்டால் இந்தப் பிளவு மூடிமறைக்கப்படும், ஆனால் உங்கள் மாதிரிக்கு எது சரி என்பது அப்போதும் தெரியாது. டீகப்ளிங்கின் தரத்தை இதில் சோதிப்பதும் இதே தவறு. உருளும் மூலக்கூறு எல்லா டீகப்ளிங் பல்ஸ் வரிசைகளுக்கும் நல்ல மதிப்பெண் போடும்.

மேஜிக் ஆங்கிளையும் இதில் வைக்க முடியாது. ஷிம்முக்கு உதவிய அதே அசட்டை இங்கே உதவாது. பொட்டாசியம் புரோமைடில் புரோமின்-79 எதிரொலிகள் (ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பி வரும் சிக்னல்) 10 மில்லிவிநாடி வரை நீடிக்கிறதா என்று பார்த்துத்தான் 54.74 பாகையைப் பிடிக்க வேண்டும்.

வேதிப்பெயர்ச்சி அளவுகோலுக்கு நிச்சயம் இதுதான். டிஎம்எஸ் என்ற சேர்மத்தைப் பூஜ்யமாக வைத்த அளவில் மெத்திலீன் கோடு 38.48 பிபிஎம், புரதக்காரர்கள் டிஎஸ்எஸ் என்ற சேர்மத்தைப் பூஜ்யமாக வைக்கும் அளவில் 40.48. எந்த அளவு என்பதை நோட்டில் எழுதாமல் விட்டால் ஸ்பெக்ட்ரம் முழுவதும் 2 பிபிஎம் தள்ளி நிற்கும், பிறகு யாரோ அதற்கு அமைப்பு மாற்றம் என்று விளக்கம் எழுதுவார்கள்.

இது உருகாமலே ஆவியாகும் பொருள். மூடி இறுகாத ரோட்டரை மாதக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்தால் உள்ளே குழி விழும், அடுத்த முறை சுற்றும்போது சமநிலை தவறும். சுழற்றும் முன் எடை பாருங்கள், குறைந்திருந்தால் மறுபடி அடையுங்கள். மெழுகு போல மென்மையாக இருப்பதால் அடைக்கும் குச்சியில் ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே வழி.

குளிர் பரிசோதனைக்கு இதை வைத்து ஷிம் பார்க்க நினைத்தால் 208 கெல்வினை மறக்காதீர்கள். அதற்குக் கீழே அணி நாற்கோணமாக மாறுகிறது, திசைகள் ஒழுங்காகின்றன, தாவல் மந்தமாகிறது. அங்கே கோடு அகன்றால் ஷிம்மைத் திருகிப் பயன் இல்லை.

நண்பருக்கு என் பதில்: இத்தனை புகழ்ந்த பிறகும், கையில் காசு ஒரு மாதிரிக்குத்தான் என்றால் நான் கிளைசீனைத்தான் வாங்கச் சொல்வேன். ஷிம்மைப் பக்கத்து ஆய்வகத்தின் அடமான்டேன் ரோட்டரைக் கடன் வாங்கியும் முடிக்கலாம்.