ஃபயர் லைன் வேலைக்குப் போகிறவர்களே, நஷ்டஈட்டு புரோக்கரிடம் அசல் சீட்டைக் கொடுக்காதீர்கள்

நீலகிரியில் கோடை தொடங்கினால் ஃபயர் லைன் (காட்டுத்தீ பரவாமலிருக்கச் செடி, புல் நீக்கிய பட்டை) வெட்டவும், தீ பிடித்தால் பச்சைக் கிளையால் அடித்து அணைக்கவும் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். அவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் சுற்றுகிறது. "புகையில நெஞ்சு கெட்டுப்போச்சா? பத்து லட்சம் வாங்கித் தர்றேன்" என்பதுதான் முதல் பேச்சு. கூடலூர் பக்கம் ஒரு தற்காலிகத் தீக்காவலர் சிக்கியது இப்படித்தான்.

அவரிடம் வாங்கிக்கொண்டது: அசல் ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, பாஸ்புக், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை, 20 ரூபாய் பத்திரத் தாள் ஒன்று. தாளில் மேலே முத்திரை, அடியில் கைநாட்டு, நடுவில் வெறும் வெள்ளை. பிறகு அந்த வெள்ளையில் "ரூ. 40,000 பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று டைப் ஆகி காண்ட்ராக்டரிடம் போய்விட்டது. பணத்தில் பாதி கமிஷன். தொழிலாளர் துறையில் ஒரு மனுகூடப் பதிவாகவில்லை.

40,000 என்பது எவ்வளவு அநியாயம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் 12,000 என்றால் 7,200 பெருக்கல் 184.17, அதாவது ரூ. 13,26,024. சம்பாதிக்கும் திறனில் கால்பங்கு போனதாக மருத்துவர் மதிப்பிட்டால் ரூ. 3,31,506. மாற்றுத்திறனாளி அட்டையில் இருக்கும் சதவீதம் வேறு, இது வேறு. மருத்துவர் எழுத வேண்டியது சம்பாதிக்கும் திறன் இழப்பை.

"நீ நிரந்தர ஆள் இல்லை, உனக்குச் சட்டமே இல்லை, நான்தான் பேசி வாங்கணும்" என்று புரோக்கர் மிரட்டுவது சுத்தப் பொய். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனை ஏறுவது, மரம் வெட்டுவது ஆகியவற்றோடு காட்டுத்தீயைக் கட்டுப்படுத்துவதும் அணைப்பதும் ஒரே வரியில் இருக்கிறது. காண்ட்ராக்டர் மூலம் போனாலும், வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளி மீதும் கேட்கலாம். (நிரந்தரத் தீயணைப்பு வீரர்களுக்கு அரசுப் பணி விதிகள் தனி.)

இன்னொரு தந்திரம் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. தீயணைப்புத் தொழில் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது உண்மை. கலிஃபோர்னியாவில் தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய் வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. நம் ஊரில் அந்தச் சலுகை கிடையாது. அதைக் காட்டிப் பத்து லட்சம் என்பவர் உங்கள் வழக்கைப் படிக்கவே இல்லை.

இங்கே வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த 1923 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதாவது தொழில் நோய்களின் பட்டியலில். தொழில் சார்ந்த ஆஸ்துமா, கார்பன் மோனாக்சைடு (புகையில் இருக்கும் விஷவாயு) பாதிப்பு இரண்டும் அதன் 'பி' பகுதியில் உள்ளன. ஆனால் அந்தப் பகுதிக்கு ஒரே முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும். நாலு மாத சீசன் ஆள் இங்கேதான் மாட்டுகிறார். அவருக்கு இருக்கும் வழி, குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு தீ, அன்று ஏற்பட்ட பாதிப்பு என்று விபத்தாகவே காட்டுவது. பட்டியலில் இல்லாத நோய்க்கும் இதே வழிதான். அதனால் தேதி போட்ட காகிதம்தான் உயிர். மஸ்டர் ரோலில் (தினக்கூலி வருகைப் பதிவேட்டில்) அன்று உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். எந்தச் சரகம், எந்தச் சரிவு, எத்தனை மணிக்கு மயக்கம் என்று எழுதி முதலாளிக்கு உடனே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

மருத்துவமனையில் நடக்கும் சேதம் இன்னும் பெரிது. டாக்டர் முதலில் கேட்பது "பீடி குடிப்பீங்களா?" சீட்டில் அது மட்டும் ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவும் தேவையில்லை. பீடியை மறைக்கச் சொல்லவில்லை. "காட்டுத்தீ அணைக்கும்போது தீப்புகையைச் சுவாசித்தது, இன்ன தேதி" என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். தீயில் மயங்கியவருக்கு அன்றைக்கே ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்தில் அது பாதியாகிவிடும், ஆக்ஸிஜன் கொடுத்தால் இன்னும் வேகமாக. மறுநாள் ஆதாரம் இருக்காது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஆக்ஸிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூச்சிரைப்பு நீடித்தால் ஸ்பைரோமெட்ரியை (குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையை) மருந்து இழுப்பதற்கு முன்பும் பின்பும் எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமாவா, நாள்பட்ட அடைப்பா என்று பிரிக்க அது உதவும். வெறும் எக்ஸ்ரே போதாது.

காலக்கெடு இரண்டு வருடம். நோய் என்றால், அதனால் தொடர்ந்து வேலைக்குப் போகாத முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். "ஃபைல் நகருது" என்று புரோக்கர் இழுப்பது இந்த இரண்டு வருடத்தைத்தான். தாண்டிவிட்டாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருப்பதால், எந்தச் சட்டத்தின் கீழ் மனு என்பதைத் தாக்கல் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர்கள் பயப்பட வேண்டாம். 1923 சட்டப்படி, உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யாத சமரசத்தைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. முழுத் தொகையும் தர வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பொதுவாகப் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. இழப்பீட்டுத் தொகையைப் பிறருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது என்பதால் "வர்றதுல 40 சதவீதம் எனக்கு" என்ற பத்திரத்துக்கு மதிப்பில்லை. வக்கீலே சதவீதம் பேசினாலும் பார் கவுன்சில் விதிப்படி தவறு.

நீலகிரிக்காரர்கள் குன்னூரிலும், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லிலும் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரடியாக மனு கொடுக்கலாம். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். இருளர், குறும்பர் காவலர்கள் யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. அதற்கு முன், கொடுத்த காசோலை எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.