கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல கண்ணாடி பார்ட்டிஷன் போடப் போறவங்க, இதைப் படிச்சிட்டு பணம் கொடுங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்து முன்ன பின்ன இருந்தா மன்னிச்சிருங்க. மூணு மாச சம்பளம் போச்சு. என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க ஃப்ளாட் ஓப்பன் கிச்சன். வாங்கும்போது விசாலமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டோம். குடி வந்தப்புறம்தான் அடுப்புல எண்ணெய் காஞ்சா புகை நேரா சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் வருதுன்னு தெரிஞ்சுது. அப்பாவுக்கு வீசிங், ஹால்லதான் படுப்பார், நான் எதையாவது வதக்க ஆரம்பிச்சா அவருக்கு இருமல் ஆரம்பிச்சிடும். சுவர் எழுப்பலாம்னா வெளிச்சம் வர்ற ஒரே பெரிய ஜன்னல் கிச்சன் பக்கம் இருக்கு, ஹால் இருட்டாயிடும். அதனால மேல வரைக்கும் கண்ணாடி, நடுவுல ஸ்லைடிங் டோர்னு முடிவு பண்ணோம்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்ல புக் பண்ணேன். வந்தவர் நல்லா பேசினார். வந்ததும் என்கிட்ட பேசல, அப்பா பக்கத்துல உக்காந்து "ஐயா நீங்க தலை எந்தப் பக்கம் வெச்சுப் படுப்பீங்க, புகை எப்படி வருது"ன்னு கேட்டார். அங்கதான் நான் விழுந்தேன். பையில இருந்து ஒரு சாம்பிள் எடுத்தார், 10 எம்எம் டஃபன்ட் கிளாஸ் (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி), மூலையில அது டஃபன்ட்னு காட்டுற அழியாத முத்திரை, சுத்தியல் கைப்பிடியால அதை ஓங்கித் தட்டிக் காட்டிட்டு "இதேதான் அக்கா உங்க வீட்டுக்கு வரும், உடைஞ்சாக்கூட சின்னச் சின்னத் துண்டாதான் கொட்டும், கிழிக்காது"ன்னு சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். அப்புறம் "ஆப் வழியா கட்டினா கமிஷன் போகும், நேரா அனுப்பிடுங்க, அதை நான் உங்களுக்குக் குறைச்சுக்கறேன்"ன்னார். அங்கேயே அனுப்பிட்டேன், மொத்தப் பணத்தையும். அவர் கொடுத்த சீட்டுல "கிளாஸ் பார்ட்டிஷன், டோருடன்"னு ஒரே வரி, எத்தனை எம்எம், என்ன கிளாஸ், எதுவும் இல்ல, நானும் கேக்கல.

ரெண்டு வாரம்னு சொன்னது அஞ்சு வாரம் ஆச்சு. கண்ணாடி வந்த அன்னைக்கு ஒரு பலகை விரல் அளவு உயரம் அதிகம். அவர் கட்டர் எடுத்தார், கோடு போட்டார், தட்டி உடைச்சார், பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டார். நான் தண்ணி கொண்டுவந்து கொடுத்துட்டு, என்ன வேகமா வேலை பாக்குறார்னு பாத்துட்டே நின்னேன்.

டஃபன்ட் கிளாஸை வெட்டவே முடியாதுங்க! அளவு வெட்டறது, ஓட்டை போடறது எல்லாம் முடிச்சப்புறம்தான் அதை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுன்னு காத்தடிச்சுக் குளிர வைப்பாங்க. அதுக்கப்புறம் வெட்டப் போனா முழு பலகையும் பொடிப் பொடியா நொறுங்கிடும். என் கண்ணு முன்னாடி வெட்டினாரே, அதுவே அது சாதாரணக் கண்ணாடின்னு சாட்சி. இது எனக்கு அன்னைக்குத் தெரியல.

போகும்போது "மெட்டீரியல் வந்து சேர்ந்துச்சுன்னு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க அக்கா"ன்னார். சொன்னேன். அது வேலை முடிஞ்சதுக்கான ஓடிபி.

ஒரே வாரத்துல டோர் தரையில உரச ஆரம்பிச்சுது. மேல் டிராக்கை கான்கிரீட்ல அடிக்காம ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் போர்டுல திருகி வெச்சிருக்கார், அவ்வளவு கனத்தை அது எப்படித் தாங்கும். பார்ட்டிஷனும் சீலிங்கோட நின்னுடுச்சு, மேல இருக்குற வெற்றிடத்தை அடைக்கல, புகை அது வழியா ஏறி லைட் ஓட்டையில இறங்கி மறுபடி ஹாலுக்கே வருது. அப்பா இருமல் அப்படியேதான் இருக்கு.

நேத்து சாயங்காலம் அடுப்புப் பக்கத்துப் பலகையில டக்னு சத்தம். அவர் வெட்டின ஓரத்துல இருந்து நடு வரைக்கும் விரிசல். சூடு ஒரு பக்கம் ஏறினா சாதாரணக் கண்ணாடி ஓரத்துலதான் முதல்ல விடுமாம். ஓரத்துல ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், 5 எம்எம். முத்திரை எந்த மூலையிலயும் இல்ல. அப்பா நாற்காலி அதை ஒட்டித்தான் இருந்துச்சு, அதை நினைச்சா வயிறு கலங்குது.

அவருக்கு போன் பண்ணா "வெளியூர்ல இருக்கேன் அக்கா, திங்கக்கிழமை வரேன்", அப்புறம் "நீங்க ஏதோ இடிச்சிருப்பீங்க", அப்புறம் எடுக்கறதே இல்ல. ஆப்ல கேட்டா "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க"ன்னாங்க, மறுபடி நானே கூப்பிட்டேன், "நீங்க ஓடிபி கொடுத்துட்டீங்க, வேலை முடிஞ்சதா பதிவாயிருக்கு, பணமும் எங்க வழியா வரல, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு வெச்சுட்டாங்க. அந்த ஆள அனுப்பினது நீங்கதானேன்னு கேட்டேன், பதில் இல்ல. மூணு மாச சம்பளம்ங்க, அப்பாவுக்காக சேர்த்து வெச்சது.

விவரமா எழுதணும்னுதான் இருந்தேன், இப்போ முடியல. ஆப்புக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க. ஓடிபி வந்தா அது எதுக்குன்னு மெசேஜை முழுசா படிங்க. சீட்டுல எம்எம், டஃபன்ட்னு எழுதி வாங்குங்க, ஒவ்வொரு பலகையிலயும் முத்திரை இருக்கான்னு ஒட்டறதுக்கு முன்னாடியே பாருங்க, சாம்பிள்ல இருந்தா போதாது. வீட்டுல வெச்சு வெட்ட ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க. டிராக் கான்கிரீட்லயோ இரும்பு ஃப்ரேம்லயோ போகணும். கேஸ் அடுப்பு இருந்தா கிச்சனை காத்து போக வழியில்லாம மூடிடாதீங்க, சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், லீக் ஆனா தரையிலதான் தேங்கும், கீழ வழி வேணும்.

விரிசல் மேல டேப் ஒட்டி வெச்சிருக்கேன், அப்பாவை பெட்ரூமுக்கு மாத்திட்டேன். இப்பவும் ஒரு தடவை அவருக்கு போன் பண்ணிப் பாத்தேன், ரிங் போகுது, எடுக்கல.