மாஸ்டோமிஸ், அகோமிஸ்: ஆப்பிரிக்கப் புல்வெளியின் இரண்டு எலிகள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியில் மாஸ்டோமிஸ் எலிக்கு எல்லாமே மழைதான். மழை பெய்து புல் விதை பிடித்தால் ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகூடப் போடும். பெண்ணுக்கு 24 முலைக்காம்புகள்வரை உண்டு. தான்சானியாவில் விதைத்த மக்காச்சோளத்தைத் தோண்டித் தின்பதும் இதுதான். வறட்சி வந்தால் கூட்டம் அப்படியே சரிந்துவிடும்.

எனக்கென்னவோ பாறை இடுக்கில் வாழும் அகோமிஸ்தான் சுவாரசியம். சினைக்காலம் சுமார் 40 நாள். மாஸ்டோமிஸுக்கு ஏறக்குறைய 23. குட்டி இரண்டு மூன்றுதான், ஆனால் ரோமத்தோடே பிறக்கும். முதுகெல்லாம் முள் போன்ற முடி. அதையும் மீறிப் பிடித்தால் தோல் கிழிந்து கையோடு வரும், எலி தப்பிவிடும்! சரி, காயம்? கிழிந்த இடத்தில் தோல் முடியோடு திரும்ப வளர்ந்துவிடுகிறது. கென்யாவின் இரண்டு அகோமிஸ் இனங்களில் செய்த ஆய்வு 2012-இல் இதைக் காட்டியது.