கூடாரத்தில் உறங்க: காற்று மெத்தையா, ஃபோம் பாயா?

காரில் போகும்போது எடை ஒரு பொருட்டல்ல. அதனால் இரண்டுமே சாத்தியம்.

சொகுசு: காற்று மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாலும் இடுப்பு உறுத்தாது. ஆனால் ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவரும் ஆடுவார். ஃபோம் பாய் ஆடாது, சற்றுக் கடினம்.

குளிர்: பலரும் மறப்பது இதைத்தான். மெத்தைக்குள் சுழலும் காற்று உடல் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். குளிர ஆரம்பித்ததும் அந்தக் காற்றே சுருங்கி மெத்தை தொய்யும். ஃபோமின் நுண்ணறைகளில் காற்று அசையாததால் சூடு தங்கும்.

நீடித்து உழைப்பது: மெத்தை ஓட்டையாக ஒரு முள் போதும். பாய் கிழிந்தாலும் படுக்கலாம்.

வசதி: மெத்தைக்கு பம்ப் வேண்டும், பாய் டிக்கியை அடைக்கும்.

வெயில்காலத்தில் பெரியவர்களுக்கு மெத்தை. குளிர் இரவுக்கும் சிறுவர்களுக்கும் பாய். இரண்டும் இருந்தால் மெத்தைமேல் பாயை விரியுங்கள். கைக்குழந்தையை மட்டும் காற்று மெத்தையில் படுக்க வைக்கவே கூடாது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.